ஊஃபர் பெட்டியும் ஊறுகாய் பாட்டிலும்

என் பயத்துக்கு மருந்தாக வந்ததுதான் அந்த சிடி. எனக்கென்று கொடுத்த மருந்தை என் மனைவி சாப்பிட்டாள். அதனால் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுனாமி வந்தபோது நான் நாற்பதைத் தாண்டியிருந்தேன். போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் மேட்டின் மேல் தகர ஷீட் போட்ட வாடகை வீடு. நானும் அவளும்தான், பிள்ளை கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பூமி ஆடியதில் எங்கள் வீட்டுக்கு நேர்ந்த சேதம் சுவரில் ஒரு விரிசல், அவ்வளவுதான். விரிசல் மேல் காலண்டரை மாட்டிவிட்டேன். கடல் எங்கள் மேட்டுக்கு ஏறி வரவேண்டுமென்றால் முதலில் பாதி ஊரைத் தின்று முடித்திருக்க வேண்டும். ஆக, பயப்பட எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. ஊரிலேயே அதிகம் பயந்தவன் நான்தான். முகாந்திரம் உள்ளவர்களுக்குச் செய்வதற்கு வேறு வேலை இருந்தது. பிணம் தேடுவது, கூடாரத்துக்கு வரிசையில் நிற்பது என்று.

பேண்டைக் கழற்றாமல் தூங்கினேன். செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். ஆபீசில் ஜெராக்ஸ் மெஷின் சூடேறி ஓர் உறுமல் உறுமினால் போதும், நான் மாடிப்படியில் இருப்பேன். ஓடும்போது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுகிற வியாதி வேறு. ஒரு முறை குக்கர் வெயிட். ஒரு முறை சீப்பு. ஒரு முறை பக்கத்து மேஜைக்காரருடைய டிபன் பாக்ஸ். மற்றதையெல்லாம் சிரித்து விட்டுவிட்டார்கள், டிபன் பாக்ஸை மட்டும் யாரும் மன்னிக்கவில்லை.

"அண்ணே, அடுத்த தடவ ஓடுறப்போ ஃபைலத் தூக்கிட்டு ஓடுங்க. வேலையாவது நகரும்" என்றார் டிபன் பாக்ஸின் சொந்தக்காரர்.

வீட்டில் நான் ஓர் எச்சரிக்கைக் கருவி செய்து வைத்திருந்தேன். அந்த நாட்களில் தீவில் வீட்டுக்கு வீடு இப்படி ஏதாவது ஒன்று இருந்தது. சிலர் காலி பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துவார்கள், சிலர் உத்தரத்திலிருந்து சாவிக்கொத்தைத் தொங்க விடுவார்கள். என்னுடையது ஃப்ரிட்ஜின் மேல் ஒரு காலி ஊறுகாய் பாட்டில், அதன் மூடியின் மேல் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர், டம்ளரின் மேல் ஒரு ஸ்பூன். பூமி லேசாக அசைந்தாலும் எல்லாம் தரையில் விழுந்து ஊரைக் கூட்டும். பல்லிக்கும் விழுந்தது, எதிர் வீட்டுக் கதவை அறைந்து சாத்தியதற்கும் விழுந்தது. எதற்கு விழுந்தாலும் நான் ஓடினேன்.

என் மனைவி ஓடவில்லை. அவள் தெற்கே நிக்கோபாரில் இருக்கும் கச்சால் தீவிலிருந்து வந்தவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் சிலவற்றைக் கச்சாலில் ரப்பர் தோட்டத்து வேலைக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள் அல்லவா, அப்படி ஒரு குடும்பம். அவளுடைய அம்மா தம்பியைப் பெற்றுப் போட்டுவிட்டுச் செத்துப்போனாள். கப்பல் ஏறியபோது இவளே சின்னப் பெண். இடது இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஏறினாளாம். கப்பலின் அடித்தளத்தில் இயந்திர உறுமலுக்கு நடுவே, இவள் மடியை விட்டு இறங்காமல் அவன் தூங்கிக்கொண்டே வந்தானாம். கல்யாணமாகி என்னோடு வந்த பிறகும், எதையாவது யோசித்து நிற்கும்போது அவளுடைய இடது இடுப்பு வெளியே தள்ளி நிற்கும். யாரோ அதில் உட்கார்ந்திருப்பதைப் போல.

அந்தத் தம்பி பெரியவனாகி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தான். தோட்டம் உள்ளே தள்ளி இருந்தது. அங்கேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போயிருக்கிறான். உடம்பு கிடைக்கவில்லை.

அவள் அழவில்லை. சமைத்தாள், பெருக்கினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒன்றும் கேட்கவில்லை. உப்பு தீர்ந்துபோனால்கூட வாங்கி வாங்க என்று சொல்ல மாட்டாள். உப்பில்லாமல் சமைத்து வைப்பாள். மாதக்கணக்கில் அப்படி.

இந்த நிலையில்தான் மெயின்லேண்டிலிருந்து மனசுக்கு ஆறுதல் சொல்லும் குழு ஒன்று எங்கள் ஆபீசுக்கு வந்தது. சின்ன வயதுப் பெண் ஒருத்தி எங்களை ஹாலில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். எல்லோரும் மூடினார்கள். நான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மேலே மின்விசிறி ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கூட்டம் முடிந்ததும் பையிலிருந்து இந்த சிடியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"தினம் ஒரு மணி நேரம் கேளுங்க சார். பாட்டு இருக்காது, தாளம் இருக்காது. எலக்ட்ரானிக் இசை. உங்களுக்கு எதையும் செய்யச் சொல்லாது."

அட்டையில் சாம்பல் நிறத்தில் ஓர் ஏரி, அதன் மேல் பனி மூட்டம். மனுஷ நடமாட்டமே கிடையாது. எனக்கு அந்த ஏரியைப் பார்த்ததுமே அது வற்றி உள்வாங்குமோ என்றுதான் தோன்றியது.

வீட்டில் சுனாமிக்கு முந்தைய தீபாவளிக்கு வாங்கிய விசிடி பிளேயர் இருந்தது. கூடவே மர நிறத்தில் ஓர் ஊஃபர் பெட்டி. குத்துப் பாட்டு போட்டால் ஜன்னல் கண்ணாடி சேர்ந்து பாடும், அதற்காகவே வாங்கியது. ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு அந்த சிடியை உள்ளே தள்ளினேன்.

முதல் பகுதியில் ஒரே ஒரு சுரம். ஆர்மோனியக் கட்டையில் விரலை வைத்தவர் எடுக்க மறந்து எழுந்து போய்விட்டதைப் போல அது பாட்டுக்கு நீண்டது. சரி, இது பரவாயில்லை, என்று காலை நீட்டினேன். இரண்டாவது பகுதி தொடங்கியது. தொடங்கியதே தெரியவில்லை. முதலில் உள்ளங்காலில் ஏதோ ஊர்ந்தது. பிறகு நாற்காலியின் கால் நடுங்கியது. அதற்குப் பிறகுதான் காதுக்கு எட்டியது: அடியில், வெகு அடியில், கனமான ஒன்று புரண்டு படுக்கிற உறுமல். ஃப்ரிட்ஜ் மேலிருந்து டம்ளரும் ஸ்பூனும் தரையில் விழுந்தன.

நான் வாசலில் இருந்தேன். எப்படி வந்தேன் என்பது என் கால்களுக்குத்தான் தெரியும். கையில் சிடி அட்டை.

பக்கத்து வீட்டு தாதா வேலியோரம் பப்பாளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தாதா என்றதும் ரவுடி என்று நினைத்துவிட வேண்டாம், வங்காளிகளுக்கு அண்ணன். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"அரே பாயி, நயா ஃபிலிம் ஹை க்யா?"

"நஹி தாதா. மனசாந்திக்கு."

"அச்சா. மில் கயா சாந்தி?"

புதுப் படமா என்று தொடங்கி, சாந்தி கிடைத்ததா என்று முடிக்கிறார் மனுஷன். உள்ளே வந்தேன். நிறுத்திவிடலாம் என்று பிளேயரிடம் குனிந்தபோது, பின்னால் என் மனைவியின் குரல்.

"அத நிறுத்தாதீங்க."

அவள் ஊஃபர் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். விழுந்த டம்ளர் அவளுடைய காலடியில் கிடந்தது. மாதக்கணக்கில் அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. நான் நிறுத்தவில்லை. நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டுக்கொண்டு, பாதி உடம்பு வீட்டிலும் பாதி உடம்பு வெளியிலுமாக உட்கார்ந்தேன்.

அதிலிருந்து ஞாயிறு மதியம் என்றால் அந்த சிடிதான். அவள் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வருவாள். முதல் காரியமாக ஃப்ரிட்ஜ் மேலிருந்து டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துக் கீழே வைப்பாள், ஊஃபர் அதிர்வில் விழாமல் இருக்க. பாய் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடுவாள். ஒரு கை மட்டும் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். தாளமே இல்லாத இசைக்கு இவள் எங்கிருந்து தாளம் கண்டுபிடிக்கிறாள் என்று நான் ஆச்சரியப்படுவேன்.

அவளைப் பார்த்து நானும் பழகினேன். நாற்காலியை வாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே நகர்த்தினேன். மூன்றாவது பகுதியில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும்; ஆனால் மெஷின் சொட்டு, நனையாத சொட்டு. நான்காவதில் தூரத்தில் நிறையப் பேர் சேர்ந்து 'ஆ' என்பதைப் போல இருக்கும், அதில் ஒரு வாயும் தெரியாது. கடைசிப் பகுதி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகும். எப்போது முடிந்தது என்று சொல்ல முடியாது. ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் திடீரென்று காதில் விழும். அப்போது புரியும், ஓ, முடிந்து கொஞ்ச நேரம் ஆகிவிட்டது என்று.

சிப்பிகாட் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் கடைசிப் பகுதி எனக்கு ஞாபகம் வரும். அங்கே காய்கறி விளைந்த நிலம் பூகம்பத்தில் இறங்கிப்போய், கடல் தண்ணீர் உள்ளே வந்து, திரும்பிப் போகவே இல்லை. நடுவே தென்னை மரங்கள் கொண்டையில்லாமல் நின்றுகொண்டிருக்கும். அவை எப்போது செத்தன என்று யாராலும் சொல்ல முடியாது. நான் ஜன்னலுக்கு மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆனால் அவள் தேறிக்கொண்டிருந்தாள், அல்லது நான் அப்படி நம்பினேன். உப்பு வாங்கிவரச் சொன்னாள். கடைக்குப் போய் வந்தாள். ஒரு நாள் என் பேண்டைப் பார்த்து, "இதப் போட்டுக்கிட்டே தூங்குறீங்களே, கல்யாண வீட்டுக்கா போறீங்க?" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆபீசில் எல்லோரிடமும் சிடியின் மகிமையைச் சொன்னேன். டிபன் பாக்ஸ்காரர் பதிவு செய்து தரச் சொன்னார்.

பிறகு ஒரு ஞாயிறு. இரண்டாவது பகுதி ஓடிக்கொண்டிருந்தது. நான் அறையின் நடுவே, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். அந்த அளவுக்கு வீரன் ஆகியிருந்தேன். தரை நடுங்கியது. ஊஃபர், என்று சொல்லிக்கொண்டேன். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அட, இன்றைக்கு நன்றாகப் பாடுகிறதே. காலண்டர் ஆடியது. ஓடாமல் உட்கார்ந்திருக்கிற என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. கண்ணைக்கூட மூடிக்கொண்டேன் என்றால் பாருங்கள்.

வெளியே தாதாவின் குரல் கிழிந்தது. "பூகம்ப்! பாஹர் ஆவோ! பாஹர்!"

கண்ணைத் திறந்தேன். மின்விசிறி கிணற்று வாளி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. காலண்டருக்குப் பின்னாலிருந்து விரிசலின் சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது. நான் வாசலை அடைந்தபோது எல்லாம் நின்றுவிட்டது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

அவள் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூகம்பம்மா! நெசப் பூகம்பம்!"

"தெரியும்."

"ஊஃபர்னு நெனச்சியா?"

"இல்லங்க. ஆடத் தொடங்குன உடனே தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சுமா எந்திரிக்கல?"

இசை ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"என்னாங்க, உங்களுக்கு இது என்ன சத்தமா கேக்குது?" என்றாள்.

"அன்னைக்குக் காலைல கேட்ட சத்தம்."

"எனக்குக் கப்பல் சத்தம். நாங்க வந்த கப்பல். அடியில இப்பிடியேதான் உறுமிக்கிட்டுக் கெடக்கும். இதப் போட்டா அவன் மடிக்கு வந்துருவான்." தொடையைப் பார்த்தாள். கை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. "இப்பத்தான் கண்ணு சொருகுனான். நான் எந்திரிச்சா முழிச்சுக்குவானே. எழுப்ப ஏலாதுங்க எனக்கு."

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன் நான். எழுந்து போய், உதிர்ந்த சுண்ணாம்பைப் பெருக்கி அள்ளினேன்.

அந்த வாரம் முழுக்க ஒரே யோசனை. அவள் தேறவில்லை. வீட்டுக்கூரை தலையில் இறங்கினாலும் எழுந்திருக்காத ஓர் இடத்துக்கு ஞாயிறுதோறும் போய் வந்துகொண்டிருக்கிறாள். நான்தான் பெருமையாகப் பொத்தானை அமுக்கி அனுப்பி வைத்திருக்கிறேன். அடுத்த முறை கொஞ்சம் பலமாக ஆடினால்? விரிசல் காலண்டரைத் தாண்டி வெளியே வந்திருந்தது.

சிடியை உடைத்துவிடலாம் என்று கையில் எடுத்தேன். இரண்டு கையாலும் வளைத்தேன். வளைந்தது. அதில் என் முகம் கோணலாகத் தெரிந்தது. உடைத்தால் அவள் தம்பியைக் கடல் ஒரு முறை கொண்டுபோனது போதாதென்று இரண்டாவது முறை நான் கொண்டுபோனதாக ஆகும். திரும்ப அட்டைக்குள் வைத்தேன். பூகம்பத்துக்குப் பயப்படுகிறவன் என்ற பட்டம் ஏற்கெனவே இருந்தது. சிடிக்கும் பயந்தவன் ஆனேன்.

ஞாயிறு வந்தது. அவள் டம்ளரை எடுக்கப் போனாள்.

"அது அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

"விழுந்துருமே. ஊஃபர் ஆட்டுது இல்ல?"

"அப்ப நான் மடியில வெச்சுக்கறேன்."

"எத?"

"பாட்டில."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் ஊறுகாய் பாட்டிலை எடுத்து, டம்ளர், ஸ்பூன் சகிதம் மடியில் நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊஃபரின் அதிர்வு எது, பூமியின் ஆட்டம் எது என்று பிரித்தறிவது இனி என் உத்தியோகம். யாராவது ஜன்னல் வழியே பார்த்திருந்தால் இரண்டு பேரையும் வண்டியேற்றி அனுப்பியிருப்பார்கள். ஒருத்தி இல்லாத பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கிறாள், எதிரே ஒருவன் ஊறுகாய் பாட்டிலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பின்னணியில் ஆர்மோனியக் கட்டையை விட்டு விரலை எடுக்காத யாரோ ஒருவர்.

"ஒங்களுக்குப் பயமா இருந்தா வெளியே போய் இருங்களேன்" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு.

"நீ வந்தா போறேன்."

"அவன் தூங்கட்டும்."

இப்படிச் சில வாரங்கள் போயின. அவள் கப்பலில், நான் பாட்டிலோடு. எங்களுக்குள் அதைப் பற்றி வேறு பேச்சில்லை. திங்கட்கிழமையானால் உப்பு, புளி, தண்ணீர் லாரி என்று பேசிக்கொள்வோம்.

மழை விட்டுச் சாலைகளைச் சரிசெய்யத் தொடங்கிய ஒரு மதியம். வழக்கம்போல இரண்டாவது பகுதி. என் மடியில் பாட்டில் ஊஃபருக்குத் தக்கபடி சின்னச் சின்னதாக நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் எனக்கு மனப்பாடம். திடீரென்று வேறொரு நடுக்கம் அதன் கூட வந்து சேர்ந்தது. அடியிலிருந்து, தடதடவென்று. ஸ்பூன் முதலில் போனது. டம்ளர் அதன் பின்னால் போய்த் தரையில் உருண்டது. ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன.

எழுந்துவிட்டேன். பாட்டில் கையிலேயே இருந்தது. வாசலுக்குப் பாதி தூரம் போய்விட்டுத்தான் நின்றேன். அவள் அசையவில்லை. அதே பாய், அதே கை, அதே தட்டல். கண் திறந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது.

"எந்திரி! ஏம்மா, எந்திரி!"

அவள் தலையை ஆட்டினாள். முடியாது என்று.

போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். மிரட்டியிருக்கலாம். அவன் இல்லை, செத்துப்போய்விட்டான், எழுந்திரு என்று கத்தியிருக்கலாம். அது தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் பயத்தில் நான் சொல்வதெல்லாம் நான் யோசித்துச் சொல்வதில்லை. வாய் தானாகக் கத்தியது.

"அவனையும் தூக்கிட்டு வா!"

அவளுடைய தட்டல் நின்றது.

ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு குனிந்தாள். மடியிலிருந்து எதையோ கலைக்காமல் அள்ளுகிறவளைப் போல இரண்டு கையையும் அடியில் கொடுத்து, இடது இடுப்புக்கு மாற்றி, எழுந்தாள். தலை இடித்துவிடக் கூடாதே என்று வாசல் நிலையில் கொஞ்சம் ஒதுங்கினாள். செருப்பு போடாமல் முற்றத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

தரை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. நான் கூரையைப் பார்த்தேன், விரிசல் சுவரைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் தாதா சாவகாசமாக நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாதா! பூகம்ப்!"

அவர் திரும்பினார். என் கையில் இருந்த ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தார்.

"அரே பாயி, கஹாங் பூகம்ப்? ரோலர் ஹை, ரோலர்!"

வளைவில் ரோடு ரோலர் ஜல்லியை நசுக்கிக்கொண்டு, புகையைக் கக்கியபடி, எங்கள் வேலியை ஒட்டி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டியவன் எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். நான் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன், ஏதோ அதை மட்டும் மறைத்தால் போதும் என்பதைப் போல.

அவள் என் பக்கம் திரும்பினாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. தம்பி போன நாளிலிருந்து நான் பார்க்காத தண்ணீர்.

"ரோலருக்கா எங்களக் கெளப்புனீங்க?" என்றாள்.

"மன்னிச்சுக்கம்மா. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"ஒங்களக் கட்டிக்கிட்டு..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. மூக்கை வலது தோளில் துடைத்துக்கொண்டாள், வலது கையாலேயே துடைத்திருக்கலாம். அந்தக் கை ஒரு முதுகின் மேல் இருந்தது. ரோலர் எங்களைத் தாண்டிப் போனது. உள்ளே சிடி அடுத்த பகுதிக்குப் போய், அந்த நனையாத தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே போவோமா என்று நான் கேட்கவில்லை. வெயிலில் தரை சுட, அவள் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்தாள். இடது இடுப்பு மட்டும் அசையாமல், தள்ளியபடியே இருந்தது.